உளுந்தின் உட்கருவுக்குள் வைரஸ் எப்படிப் போகிறது?

கேள்வி: உளுந்தூர்பேட்டை பக்கத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் நிலம் இருக்கிறது. சம்பா அறுப்பு முடிந்ததும் தை மாதக் கடைசியில் அப்பா உளுந்து விதைத்தார். முப்பது நாள் பயிரில் மஞ்சள் தேமல் விழுந்துவிட்டது. முதலில் வரப்போரமாக நாலைந்து செடிதான். பத்தே நாளில் பாதிக் கழனி மஞ்சளாகிவிட்டது. கடையில் கொடுத்த மருந்தை இரண்டு தடவை அடித்தும் கேட்கவில்லை.

வேளாண் அலுவலர் வந்து பார்த்தார். "இது வைரஸ். செல்லோட நியூக்ளியசுக்குள்ளயே போய் உக்காந்துக்கும். மருந்து கேக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் பி.எஸ்சி. தாவரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அப்பா என்னைப் பார்த்து, "நீதானம்மா செடியப் பத்திப் படிக்கிற. எப்படி உள்ள போவுதுன்னு சொல்லு" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மரபணுக்களை முடுக்கவும் அடக்கவும் செய்கிற புரதங்கள் உட்கருவுக்குள் வேலை செய்கின்றன என்று பாடத்தில் இருக்கிறது. ஆனால் புரதம் எல்லாமே உட்கருவுக்கு வெளியே சைட்டோபிளாசத்தில்தானே தயாராகிறது? அது எப்படி உள்ளே போகிறது? எதை விடலாம், எதை விடக்கூடாது என்று யார் பார்க்கிறார்கள்? வைரசும் அதே வழியில்தான் போகிறதா? அந்த வழியை அடைத்துவிட்டால் நோய் நின்றுவிடாதா?

— கல்லூரி மாணவி, உளுந்தூர்பேட்டை

பதில்: அப்பாவிடம் முதலில் ஒன்றைச் சொல்லுங்கள். அவர் கேட்ட கேள்வியை ஆய்வுக்கூடத்திலும் கேட்டிருக்கிறார்கள். உளுந்தின் மஞ்சள் தேமல் வைரசை வைத்தே கேட்டு, விடையும் கண்டிருக்கிறார்கள். புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் உளுந்துச் செடியிலிருந்து எடுத்த வைரஸ் அது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கே. வேலுத்தம்பியின் குழுவும், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் தாமஸ் ஹோன், மிகைல் பூகின் ஆகியோரும் சேர்ந்து செய்த வேலை. அந்த ஆய்வைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் இடத்தைக் கொஞ்சம் பார்த்துக்கொள்வோம்.

மரபணுக்கள் இருக்கும் உட்கருவைச் சுற்றி இரட்டைச் சவ்வு இருக்கிறது. புரதம் தயாராகும் ரைபோசோம்கள் அந்தச் சவ்வுக்கு வெளியே இருக்கின்றன. ஒரு மரபணுவை முடுக்க வேண்டிய புரதம் வெளியே பிறந்து, உள்ளே போய்த்தான் டி.என்.ஏ.வைத் தொட வேண்டும். வெளியே நிற்கும் வரை அதனால் ஒரு மரபணுவையும் அசைக்க முடியாது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இந்தப் புரதங்கள் டி.என்.ஏ.வில் எங்கே ஒட்டுகின்றன என்பதைப் பாடப் புத்தகங்கள் பக்கம் பக்கமாகச் சொல்லும். அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தன என்பதை ஒரே வரியில் முடித்துவிடும். செல்லைக் கேட்டால் அந்தப் பயணம்தான் கடிவாளம் என்று சொல்லும். எந்த மரபணு எப்போது ஓட வேண்டும் என்பதைப் பல சமயம் அது வாசலிலேயே தீர்மானித்துவிடுகிறது.

வாசல் என்றேன். சவ்வில் உள்ள துளைகளைத்தான் சொல்கிறேன். மனித செல் ஒன்றின் உட்கருவில் இப்படிச் சில ஆயிரம் துளைகள் உண்டு. ஓட்டை போட்டதுபோல் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஏறக்குறைய 30 வகைப் புரதங்கள், ஒவ்வொன்றும் பல பிரதிகளாக, நூற்றுக்கணக்கில் சேர்ந்து கட்டிய எட்டு ஆரச் சக்கரம் அது. முதுகெலும்புள்ள உயிர்களில் ஒரு துளையின் எடை 120 மெகா டால்டனை நெருங்கும். நம் இரத்தத்து ஹீமோகுளோபின் மூலக்கூறைப்போல் சுமார் 1,800 மடங்கு. சக்கரத்தின் நடுவழியில் புரத இழைகள் முடிபோல் நீட்டிக்கொண்டு அசைந்தபடி இருக்கும். இழை நெடுகிலும் பினைல்அலனின், கிளைசின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் ஜோடி ஜோடியாகத் திரும்பத் திரும்ப வரும். வழியை மறிப்பதும் இந்த இழைகள்தான், விடுவதும் இவைதான்.

செங்குறிச்சி சுங்கச்சாவடியை நீங்கள் எத்தனையோ முறை கடந்திருப்பீர்கள். இருசக்கர வண்டிகள் ஓரத்து வழியில் கேள்வி முறை இல்லாமல் போய்விடும். காரும் லாரியும் என்றால் கண்ணாடியில் பாஸ்டேக் இருக்க வேண்டும். உட்கருத் துளையிலும் ஏறத்தாழ இதே வழக்கம்தான். தண்ணீர், அயனிகள், சர்க்கரை, சுமார் 40 கிலோ டால்டனுக்கு உட்பட்ட சிறு புரதங்கள் தாமாகவே கசிந்து போய்வரும். அதைவிடப் பெரிய புரதம் இழைகளுக்குள் புக முடியாமல் நின்றுவிடும். அதற்கு அடையாளச் சீட்டு வேண்டும். பாஸ்டேக் வெளியே இருந்து ஒட்டியது. புரதத்தின் சீட்டோ அதன் உடம்பிலேயே இருக்கிறது. அமினோ அமிலங்கள் கோத்த அந்த நீண்ட சரத்தில் ஒரு சிறு துண்டுதான் சீட்டு.

இப்படி ஒரு சீட்டு உண்டு என்பது தெரியவந்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். கேம்பிரிட்ஜில் ரான் லாஸ்கியின் குழு தவளை முட்டைச் செல்லை எடுத்துக்கொண்டது. அந்தச் செல்லின் உட்கரு மிகப் பெரியது, ஊசியால் எதையும் செலுத்தலாம். நியூக்ளியோபிளாஸ்மின் என்ற புரதத்துக்கு ஐந்து அங்கங்கள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வால் உண்டு. வாலை எல்லாம் வெட்டிவிட்டு உடம்பை மட்டும் சைட்டோபிளாசத்தில் செலுத்தினார்கள். அது வெளியிலேயே நின்றது. ஐந்தில் ஒரே ஒரு வாலை விட்டு வைத்தார்கள். முழு உடம்பும் உள்ளே போய்விட்டது. 1982-ல் வெளியான ஆய்வு இது. உள்ளே போகும் உரிமை வாலில் இருக்கிறது, ஒரு வால் இருந்தாலே போதும் என்று அதில் தெரிந்தது.

இரண்டு ஆண்டு கழித்து, 1984-ல், டேனியல் கால்டெரானும் ஆலன் ஸ்மித்தும் அவர்களோடு உழைத்தவர்களும் சீட்டின் எழுத்துகளையே படித்தார்கள். குரங்கைத் தாக்கும் எஸ்.வி.40 என்ற வைரசின் புரதம் ஒன்றில் ஏழே அமினோ அமிலங்கள்: புரோலின், லைசின், லைசின், லைசின், ஆர்ஜினின், லைசின், வாலின். லைசினும் ஆர்ஜினினும் நேர்மின்னேற்றம் கொண்டவை என்பது உங்களுக்குத் தெரியும். அதில் ஒரே ஒரு லைசினை மாற்றியதும் அந்தப் பெரிய புரதம் உட்கருவுக்கு வெளியே தேங்கிவிட்டது. பிறகு அந்த ஏழு எழுத்துத் துண்டை எடுத்து, உட்கருப் பக்கமே போகாத பைருவேட் கைனேஸ் என்ற நொதியோடு ஒட்டினார்கள். அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. ஏழு எழுத்தில் முக்கியமான ஒரு எழுத்துப் பிசகினால் வாசல் இல்லை.

சில புரதங்களில் சீட்டு இரண்டு துண்டாக இருக்கும். நேர்மின்னேற்ற எழுத்துகள் ஒரு கொத்து, நடுவே பத்துப் பன்னிரண்டு எழுத்து இடைவெளி, பிறகு இன்னொரு கொத்து. அந்தத் தவளை முட்டைப் புரதத்தின் வாலில் இருப்பது இந்த வகைதான் என்று 1991-ல் தெரிந்தது. பிளவுபட்ட சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கழனிக்குத் திரும்பும்போது இது தேவைப்படும்.

சீட்டைப் படிப்பது துளை இல்லை. சுமந்து செல்லும் புரதங்கள் தனியாக இருக்கின்றன. இம்போர்ட்டின் என்று பெயர். 1994, 95 ஆண்டுகளில் டிர்க் கோர்லிக் முதலானோர் இவற்றைப் பிரித்தெடுத்தார்கள். இம்போர்ட்டின் ஆல்ஃபா சரக்கின் சீட்டைப் பிடித்துக்கொள்ளும். இம்போர்ட்டின் பீட்டா ஆல்ஃபாவைப் பிடித்துக்கொள்ளும். துளைக்குள் நீளும் அந்த இழைகளோடு பழகத் தெரிந்தது பீட்டாதான். இழையை ஒட்டுவதும் விடுவதுமாக, மூன்றும் சேர்ந்து சில மில்லி நொடியில் மறுபக்கம் போய்விடும். ஒரு துளை வழியாக ஒரு நொடிக்குச் சுமார் ஆயிரம் போக்குவரத்து நடக்கக்கூடும் என்று அளந்திருக்கிறார்கள்.

உள்ளே போனதும் சரக்கை யார் இறக்குவது? அங்கேதான் ரான் என்ற சிறு புரதம் வருகிறது. அதற்கு இரண்டு நிலை உண்டு: ஒன்று இரண்டு பாஸ்பேட் கொண்ட மூலக்கூறை ஏந்திய நிலை, மற்றது மூன்று பாஸ்பேட் கொண்ட மூலக்கூறை ஏந்திய நிலை. மூன்று பாஸ்பேட் ஏற்றும் நொதி குரோமோசோம்மீது உட்கார்ந்திருக்கிறது. அதில் ஒன்றைக் கழற்றும் நொதி உட்கருவுக்கு வெளியே இருக்கிறது. ஆகையால் மூன்று பாஸ்பேட் ரான் எங்கே நிறைய இருக்கிறதோ அதுதான் உட்கருவின் உட்பக்கம். அது இம்போர்ட்டின் பீட்டாவைப் பற்றிக்கொண்டதும் பிடி நழுவிச் சரக்கு உள்ளே விழுந்துவிடும். சுமை இறக்கிய இம்போர்ட்டின் வெளியே திரும்பி அடுத்த சுமையை ஏற்றும். துளைக்கு உள்ளே எது, வெளியே எது என்று தெரியாது. திசையைக் கொடுப்பது ரான்தான். வெளியே போகும் சரக்குக்கு வேறு சீட்டு, வேறு சுமைகாரர். விதி அதேதான்.

எதை எப்போது விடுவது என்று யார் பார்க்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் ஊர்ப்பக்கம் மாரியம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி போடுவதைப் பார்த்திருப்பீர்கள். பயறு வகைகளை ஊறவைத்து, எருவும் மண்ணும் இட்ட சட்டியில் தூவி, வெளிச்சம் படாத அறையில் வைப்பார்கள். எட்டாம் நாள் எடுத்தால் நெடுநெடு என்று வளர்ந்த வெளிர்மஞ்சள் முளை. இலை விரியாமல் கொக்கிபோல் தலை கவிழ்ந்திருக்கும். அதைத் தலையில் சுமந்து வெயிலில் ஊர்வலம் போய்த் திரும்புவதற்குள் நுனி நிமிரத் தொடங்கும், பச்சை தட்டத் தொடங்கும். அந்தச் சில மணி நேரத்தில் செல்லுக்குள் என்ன நடக்கிறது தெரியுமா? ஃபைட்டோகுரோம் என்ற ஒளி உணரும் புரதம் இருட்டில் உட்கருவுக்கு வெளியே காத்துக்கிடக்கிறது. சிவப்பு ஒளி பட்டதும் உருவம் மாறி உட்கருவுக்குள் போகிறது. அங்கே, இருட்டு வளர்ச்சியை நடத்திக்கொண்டிருந்த மரபணு ஒழுங்குப் புரதங்களைப் பிடித்து ஒழிக்கிறது. உடனே பச்சையத்துக்கான மரபணுக்கள் ஓடத் தொடங்குகின்றன. ஃபைட்டோகுரோமில் ஏ என்ற வகைக்குச் சொந்தச் சீட்டே கிடையாது. சீட்டு வைத்திருக்கும் இன்னொரு புரதத்தோடு ஒட்டிக்கொண்டுதான் உள்ளே போகிறது. துணைக்குப் போவதற்கும் வெளிச்சம் வர வேண்டும். இருட்டறை முளைக்கும் வெயில்பட்ட முளைக்கும் மரபணு ஒன்றே. மாறியது புரதம் நின்ற இடம்.

மனித உடம்பிலும் இதே கதைதான். ஆஸ்துமாவுக்கும் கடும் அலர்ஜிக்கும் கொடுக்கும் டெக்சாமெதசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகள், செல்லுக்குள் காத்திருக்கும் ஏற்பிப் புரதத்தைத் தொட்டு உட்கருவுக்குள் அனுப்பித்தான் வேலை செய்கின்றன. 1986-ல் ரஞ்சன் சென்னும் டேவிட் பால்டிமோரும் கண்டுபிடித்த என்.எஃப்.-கப்பா பி, அழற்சி மரபணுக்களை முடுக்கும் புரதம். இன்னொரு புரதம் அதன் சீட்டை மூடிப் பிடித்தபடி வெளியே நிறுத்தி வைத்திருக்கும். காயமோ கிருமியோ வந்தால் மூடியிருந்த அந்தப் புரதம் அழிக்கப்படும், சீட்டு வெளியே தெரியும், வாசல் திறக்கும். ஆக, வாசலில் தனியாகக் காவல்காரர் யாரும் இல்லை. சீட்டு தெரிகிறதா, மூடியிருக்கிறதா என்பதுதான் கணக்கு.

இனி உங்கள் கழனி.

மஞ்சள் தேமல் விழுந்த செடியின் கொழுந்திலையை மெல்லத் திருப்பிப் பாருங்கள். முதலில் ஊசி குத்தினாற்போல் மஞ்சள் புள்ளி. அது பரந்து, பச்சையும் மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாகி, கடைசியில் இலை முழுதும் மஞ்சளாகும். செடியை லேசாகத் தட்டினால் இலையடியிலிருந்து வெள்ளைத் தூள் பறப்பதுபோல் வெள்ளை ஈக்கள் எழும். நோயைச் சுமப்பவை அவைதான். நோயுற்ற செடியின் சாற்றை உறிஞ்சும்போது வைரஸ் ஈயின் உடம்புக்குள் போய், பிறகு எச்சில் வழியாக அடுத்த செடியின் சாறு ஓடும் திசுவில் இறங்குகிறது. ஒரு தடவை ஏற்றிக்கொண்ட ஈ பல நாள் பரப்பிக்கொண்டே இருக்கும். முதலில் வரப்போரத்தில் நாலைந்து செடி, பிறகு பாதிக் கழனி என்று நீங்கள் எழுதியது இதனால்தான்.

வைரஸ் மிகச் சிறியது. இரட்டைப் பிறவிபோல் ஒட்டிய இரண்டு உருண்டை, நீளம் சுமார் 30 நானோ மீட்டர். அதன் மரபுத்தொகுதி இரண்டு வட்ட டி.என்.ஏ.க்கள், ஒவ்வொன்றிலும் சுமார் 2,700 எழுத்துகள். உளுந்தின் மரபுத்தொகுதியோ ஏறக்குறைய 57 கோடி எழுத்து. இவ்வளவு சிறிய வைரசால் தன் டி.என்.ஏ.வைத் தானே பிரதி எடுக்க முடியாது. அதற்கான நொதிகள் செடியின் உட்கருவுக்குள்தான் இருக்கின்றன. ஆகையால் அது உட்கருவுக்குள் போயே ஆக வேண்டும். வேளாண் அலுவலர் சொன்னது முழு உண்மை.

எப்படிப் போகிறது? செடி தன் புரதங்களுக்கு வைத்திருக்கும் அதே வாசல் வழியாக, அதே சீட்டைக் காட்டித்தான். இந்த வைரசின் உறைப் புரதத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட உட்கருச் சீட்டுகள் இருப்பதையும், அது இம்போர்ட்டின் ஆல்ஃபாவோடு பிணைவதையும் 2005-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதே ஆய்வு நெல்லின் துங்ரோ நோயில் உள்ள வைரஸ் ஒன்றின் உறைப் புரதத்திலும் இதையே கண்டது. சம்பாவில் நெல்லைக் கெடுப்பதும் தையில் விதைத்த உளுந்தைக் கெடுப்பதும் ஒரே வாசலை நம்பி வாழ்கின்றன.

உள்ளே நுழைவது பாதி வேலைதான். அங்கே தன் மரபணுக்களை முடுக்க வேண்டும். அதற்கு வைரசிடம் ஏசி2 என்ற சிறு புரதம் இருக்கிறது. நீங்கள் பாடத்தில் படித்த மரபணு முடுக்கும் புரதத்தின் வேலையைத்தான் அது செய்கிறது. வைரசின் டி.என்.ஏ.விலிருந்து உட்கருவில் செய்தி ஆர்.என்.ஏ. எழுதப்பட்டு, வெளியே வந்து, செடியின் ரைபோசோமில் ஏசி2 தயாராகிறது. பிறகு அது மறுபடி உட்கருவுக்குப் போக வேண்டும். உங்கள் கேள்வியின் நடுப்புள்ளி இதுதான்.

நான் தொடக்கத்தில் சொன்ன மதுரை, பாசல் ஆய்வு 2005-ல் ஜர்னல் ஆஃப் வைராலஜி இதழில் வந்தது. அதில் பங்கெடுத்தவர்களில் ஆர். ராஜேஸ்வரனும் பி.வி. சிவபிரசாத்தும் உண்டு. வம்பன் வைரசின் ஏசி2-வைச் செடிச் செல்லுக்குள் உண்டாக்கிப் பார்த்தபோது அது உட்கருவில் போய்ச் சேர்ந்தது, வைரஸ் மரபணுவின் முடுக்கியை வலுவாகத் தூண்டியது. அதன் சரத்தைத் துண்டு துண்டாகச் சோதித்தபோது சீட்டு கிடைத்தது. இரண்டு கொத்தாகப் பிளவுபட்ட சீட்டு.

பிறகுதான் முக்கியமான சோதனை. செடிக்கும் நோய் எதிர்ப்பு உண்டு. அந்நிய ஆர்.என்.ஏ.வைக் கண்டுகொண்டு, அதைச் சிறு சிறு துண்டாக வெட்டி, அந்தத் துண்டுகளை வைத்தே எஞ்சியதையும் தேடி ஒழிக்கும். இதை மரபணு அடக்கம் என்கிறோம். ஏசி2 இந்த எதிர்ப்பைத் தளர்த்துகிறது. நிக்கோட்டியானா பெந்தாமியானா என்ற புகையிலை இனச் செடியில் சோதித்தபோது, ஏசி2 இருந்த இடத்தில் அடக்கம் குறைந்தது, மற்ற இலைகளுக்கு அது பரவுவதும் நின்றது. அடுத்து, ஏசி2-வின் உட்கருச் சீட்டை மட்டும் கெடுத்துவிட்டுச் சோதித்தார்கள். செடியின் எதிர்ப்பை அதனால் அசைக்க முடியவில்லை. மரபணுவை முடுக்கும் பகுதியை வெட்டியபோதும் அப்படியே. ஏசி2 வெளியே நின்று ஆர்.என்.ஏ.வைப் பிடித்து மறைப்பதில்லை, உள்ளே போய்ச் செடியின் சொந்த மரபணுக்களையே முடுக்கி, அவற்றைக் கொண்டே செடியின் எதிர்ப்பைத் தளர்த்துகிறது என்பதற்கு இது சான்று. அரபிடாப்சிஸ் செல்களில் ஏசி2 முப்பதுக்கு மேற்பட்ட செடி மரபணுக்களைத் தூண்டியதையும் பார்த்தார்கள்.

ஏசி2-வின் எடை ஏறத்தாழ 15 கிலோ டால்டன்தான். இருசக்கர வண்டி கணக்கு. சீட்டே இல்லாமல் கசிந்து போயிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். கசிந்து போவது கசிந்து வெளியேயும் வந்துவிடும், உள்ளேயும் வெளியேயும் ஒரே அளவில் நிற்கும். மரபணுவை முடுக்க அந்தச் செறிவு போதாது. சுமைகாரர் ஏற்றிப்போனால்தான் உள்ளே குவியும். நம் செல்களில் டி.என்.ஏ. சுற்றிக்கொள்ளும் ஹிஸ்டோன்களும் சிறியவைதான், அவையும் சீட்டைக் காட்டித்தான் போகின்றன.

இன்னொரு செய்தி, தாவரவியல் மாணவி என்பதால் சொல்கிறேன். மஞ்சள் தேமல் வைரசைச் சாறு தேய்த்து எளிதில் பரப்ப முடியாது. ஆய்வுக்கூடத்தில் உளுந்தில் தொற்ற வைக்க, வைரசின் டி.என்.ஏ.வை அக்ரோபாக்டீரியத்தில் ஏற்றிச் செலுத்துவார்கள். அந்தப் பாக்டீரியா அனுப்பும் டி.என்.ஏ.வின் தலைப்பில் விர்டி2 என்ற புரதம் ஒட்டியிருக்கும். அதிலும் உட்கருச் சீட்டு உண்டு. பாக்டீரியாவுக்கு உட்கரு என்பதே கிடையாது. ஆனாலும் செடியின் உட்கரு வாசலுக்கான சீட்டை அது எழுதி வைத்திருக்கிறது.

வழியை அடைத்துவிடலாமா என்ற கடைசிக் கேள்விக்கு: முடியாது, செய்யவும் கூடாது. வைரஸ் காட்டும் சீட்டும் செடியின் சொந்தப் புரதம் காட்டும் சீட்டும் ஒன்றே. இம்போர்ட்டினை முடக்கினால் முதலில் சாவது செடி. மனித மருத்துவத்தில் வெளியேறும் வழியைத் தடுக்கும் செலினெக்சர் என்ற மருந்துக்கு 2019-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்கு, மற்ற மருந்துகள் கைவிட்ட பிறகு, கடும் பக்கவிளைவுகளைத் தாங்கிக்கொண்டு கொடுப்பது. அதை ஒரு கழனிக்குத் தெளிக்கும் கதையாக நினைக்க முடியாது. வேறு வழியில் நம்பிக்கை உண்டு. இதே மதுரை, பாசல் குழு 2003-ல், செடியின் மரபணு அடக்கத்தையே வைரசின் முடுக்கிப் பகுதிமீது ஏவிவிட்டது. நுண்துகள்களில் டி.என்.ஏ. பூசி இலையில் செலுத்தியபோது, நோயுற்ற உளுந்துச் செடிகள் தேறின. கடையில் வாங்கும் பொருளாக அது இன்னும் வரவில்லை.

ஆகவே அப்பாவிடம் நேராகச் சொல்லுங்கள்: மஞ்சளான செடியைப் பச்சையாக்கும் தெளிப்பு மருந்து எதுவும் இல்லை. யார் விற்றாலும் அந்தக் காசு வீண். இரண்டு தடவை அடித்தது ஈயைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம், உட்கருவுக்குள் உட்கார்ந்த வைரசை அது தொட்டிருக்காது. இப்போது செய்யக்கூடியது ஈக்கும் செடிக்கும் நடுவே. புதிதாக மஞ்சள் புள்ளி காணும் செடியைப் பிடுங்கிப் புதைத்துவிடுங்கள். வரப்பில் களையை விட்டு வைக்காதீர்கள், ஈ அங்கே தங்கும். மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள். அடுத்த முறை கழனியைச் சுற்றி இரண்டு வரிசை மக்காச்சோளமோ சோளமோ முன்கூட்டியே விதைத்தால் பறந்து வரும் ஈயை ஓரளவு தடுக்கும். பூச்சிமருந்து தேவைதானா, எது, எவ்வளவு என்பதை வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கடைக்காரர் சொல்லுக்கு அடிக்க வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலே விதை. வம்பன் தேசிய பயறு ஆராய்ச்சி மையத்திலிருந்து வந்த வம்பன் 8, வம்பன் 10, வம்பன் 11 போன்ற உளுந்து ரகங்கள் மஞ்சள் தேமலைத் தாங்கும். நோயுற்ற உளுந்தின் விதையில் இந்த வைரசின் மரபுப்பொருள் இருப்பதையும் ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஆகையால் இந்தக் கழனியில் அறுத்ததை விதைக்கென்று எடுத்து வைக்க வேண்டாம். தேறியது எதுவோ அதை மார்க்கெட் கமிட்டியில் போட்டுவிட்டு, அடுத்த பட்டத்துக்குச் சான்று பெற்ற விதை வாங்குங்கள். வாங்கப் போகும்போது அப்பாவோடு நீங்களும் போங்கள். பையில் கட்டியிருக்கும் அட்டையில் ரகத்தின் பெயரை நீங்களே படித்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.